புழுவின் நேரம், மருமகளின் நேரம்

வெற்றிலை, காபி, பாத்திரம் என்று கும்பகோணத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டவை பல. யானைக்காலும் அவற்றில் ஒன்று. ஊரார் அவ்வளவாக விரும்பாத இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வேலைமுறையின் வரலாறு இருக்கிறது. யானைக்காலை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கும். ஊர் அடங்கிய பிறகுதான் விரல்நுனி ரத்தத்துக்கு வரும். சீனத்தின் அமோய் துறைமுகத்தில் மருத்துவராக இருந்த பாட்ரிக் மான்சன் 1870களின் இறுதியிலேயே இந்த இரவு வருகையைக் கண்டு சொல்லிவிட்டார். ஆகவே 1955-ல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தபோது, நோய் மிகுந்த ஊர்களில் ஊழியர்கள் இரவில்தான் தெருவில் இறங்கினார்கள். தூங்கியவரை எழுப்பி, விரலில் ஊசியால் குத்தி, 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பகல் பத்து மணிக்கு வரவில்லையே என்று யாரும் புழுவைக் குறை சொல்லவில்லை.

மனிதர்களைத்தான் அப்படிக் குறை சொல்கிறோம். மறதி நோய் கண்ட பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களை ஆய்வுகளில் சேர்க்க முயல்கிறவர்கள் சொல்லும் குறை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்: ஆள் கிடைப்பதில்லை. நம் பக்கத்தில் அதற்குக் கையோடு ஒரு காரணமும் வைத்திருப்பார்கள்: குடும்ப மானம், வெளியே சொல்ல மாட்டார்கள். இந்தக் காரணம் பெரும்பாலும் தவறு என்பது என் வாதம். தமிழ்நாட்டில் கதவுகள் திறந்துதான் இருந்திருக்கின்றன. உள்ளே போய் யாரைக் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது, எந்த நேரத்தில் கேட்பது என்பதில்தான் கோளாறு. அந்தக் கோளாறு மறதி நோய் ஆய்வைவிட மிகப் பழையது.

காவிரிப் படுகையில் வீடு தேடி வந்து கேள்வி கேட்பது புதிதல்ல. 1881 முதல் 1931 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் சித்தம் கலங்கியவர், பார்வையற்றவர், காது கேளாத ஊமை, குஷ்டரோகி யாராவது உண்டா என்ற கேள்வி இருந்தது. பதில்களை நம்ப முடியவில்லை, அதிலும் பெண்களைப் பற்றிய பதில்களை நம்பவே முடியவில்லை என்று அலுத்துப்போய், 1931க்குப் பிறகு அரசு அதைக் கைவிட்டது. கேட்டவர் ஊர்க் கணக்குப்பிள்ளையாகவோ வாத்தியாராகவோ இருப்பார். பதில் சொன்னவர் வீட்டு ஆண். தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடு திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாக உள்ளே போகும். வயதானவரின் கட்டில் ரேழியில் கிடக்கும். அவர் நனைத்த துணியை அலசுவது கொல்லைக் கிணற்றடியில். திண்ணையில் உட்கார்ந்தவருக்குக் கிணற்றடி தெரியாது. பிறகு வந்த சமூகவியலாளர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்திலும், ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்திலும் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தார்கள். பெத்தேய் தங்கியது அக்கிரகாரத்தில். அங்கே குடியிருந்ததாலேயே தலித் தெருவுக்குத் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். எந்த வாசல் வழியாக நுழைகிறோமோ, அந்த வாசலுக்குத் தெரியும் ஊர்தான் நமக்கும் தெரியும்.

மறதி நோய்க்கு வருவோம். சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பகுதியில் ராஜ்குமார், குமார், தாரா ஆகியோர் 750 முதியவர்களைப் பரிசோதித்து 1997-ல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 3.5 பேருக்கு நோய் இருந்தது. அடுத்த ஆண்டு கொச்சியில் கூடிய அல்சைமர் மாநாட்டில் ‘10/66’ என்ற ஆய்வுக் குழு பிறந்தது. நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதைப் பெயரிலேயே சொல்லிக்கொண்ட குழு. சென்னை நகரிலும் வேலூர்க் கிராமங்களிலும் 65 வயது கடந்தவர்களை ஒரு வீடு விடாமல் தேடிப் போனார்கள். ஒவ்வொருவரிடமும், அவரை நன்கறிந்த ஒருவரிடமும் பேசினார்கள். 2008-ல் வெளியான கணக்கின்படி சென்னையில் 72 விழுக்காட்டினரும் வேலூர்க் கிராமங்களில் 98 விழுக்காட்டினரும் ஒத்துழைத்தார்கள். மானத்துக்கு அஞ்சிக் கதவை அடைக்கிற கிராமத்தில் இந்த 98 வராது. ஆனால் அதே கிராமங்களில், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அளவுகோலால் அளந்தபோது நோய் இருந்ததாகத் தெரிந்தது ஆயிரத்துக்கு வெறும் 3 பேருக்கு. கியூபாவில் அதே அளவுகோலுக்கு 63. குழு தானே வகுத்த அளவுகோலில் வேலூரின் எண் பல மடங்கு கூடியது.

இந்த இடைவெளிக்குள்தான் நம் விஷயம் இருக்கிறது. அமெரிக்க அளவுகோல், மறதியால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கிறதா என்று வீட்டாரைக் கேட்கும். பின்தங்கிய பகுதிகளில் வீட்டார் அப்படி எதையும் அவ்வளவாகச் சொல்லவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். மாமனாருக்குச் சோறு பிசைந்து கொடுப்பதும், வேட்டி கட்டிவிடுவதும், கடைக்குப் போய்வருவதும் மருமகளின் வேலை என்றாகிவிட்ட வீட்டில் அவருக்கு என்ன கெட்டுப்போயிருக்கிறது? கெடுவதற்கு அவர் செய்துவந்த வேலை ஒன்று இருக்க வேண்டுமே. ‘வயசாச்சு, குழந்தை மாதிரி ஆயிட்டார்’ என்பது மறைத்துச் சொல்லும் பதில் அல்ல. அவள் அறிந்த உண்மை. கேரளத்தில் இந்த நிலைக்குச் ‘சின்னன்’ என்று ஒரு சொல்லே இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். நாம் சின்னப்பிள்ளை புத்தி என்பதன் உடன்பிறப்பு அது. ‘பராமரிப்பாளர்’ என்பதோ அரசாணையிலிருந்து இறங்கி வந்த சொல். அந்தப் பெயரில் அழைப்பு அச்சடித்தால், எந்த மருமகளும் அது தனக்கு வந்த கடிதம் என்று நினைக்க மாட்டாள். இங்கிலாந்தில் மறதி நோய் ஆய்வுகளுக்கு மக்கள் தாங்களாகவே பெயர் பதிந்துகொள்ளும் ஏற்பாடு 2015-ல் தொடங்கியது. அங்கே அது பயன்படுகிறது. தன்னை அந்தப் பெயரால் அழைத்துக்கொள்பவர் இருந்தால்தான் அப்படிப்பட்ட பதிவேடு நிரம்பும்.

கூட்டுக்குடும்பத்தில் பாரம் பங்கிடப்படுகிறது, தனியாக ஒருத்தியைத் தேடி அவள் சிரமத்தை அளப்பானேன் என்று கேட்கலாம். 10/66 குழு 24 மையங்களில் 706 நோயாளிகளின் வீட்டாரிடம் கேட்டு 2004-ல் வெளியிட்ட முடிவு இதற்குப் பதில் சொல்கிறது. பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டில் ஆள் அதிகம் இருந்தால் சுமை கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனாலும் மொத்தத்தில் அவர்களின் களைப்பு பணக்கார நாடுகளுக்குச் சற்றும் குறைந்ததாக இல்லை. பலர் வேலையையும் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இதைப் படுகைக்குப் பொருத்திப் பாருங்கள். வேலையைக் குறைத்துக்கொள்வது என்றால் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகாமல் கூலியை இழப்பது. அப்படிப்பட்டவளை நகரத்து மருத்துவமனைப் பட்டியலில் தேடிப் பயனில்லை. பெரியவர் வழிதவறிக் காணாமல் போனாலோ, கை ஓங்கினாலோதான் ஒரு குடும்பம் மருத்துவமனைக்கு வரும். அந்தப் பட்டியலிலிருந்து மட்டும் ஆள் எடுக்கும் ஆய்வு, முற்றிய நிலையையும் வண்டிச்சத்தம் கொடுக்க வசதியுள்ளவரையுமே கண்டுவிட்டுத் திரும்பும்.

வீடு வீடாகப் போனால் செலவு தாங்குமா என்பது நியாயமான கேள்வி. எல்லா வீட்டுக்கும் மருத்துவரே போக வேண்டியதில்லை. திருச்சூர்ப் பக்கத்தில் அங்கன்வாடி ஊழியர்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, எந்தெந்த வீட்டில் இப்படிப்பட்ட பெரியவர் இருக்கிறார் என்று கேட்ட ஆய்வு 2002-ல் வெளிவந்தது. அவர்கள் காட்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு உண்மையிலேயே நோய் இருந்தது. சில மணி நேரப் பயிற்சிக்கு இது மோசமில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. யானைக்கால் ஊழியர் ரத்தம் எடுத்தார் என்றால், புழு தெரிந்த வீட்டுக்கு மாத்திரை வந்தது. மறதி நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஏற்கெனவே அலுத்திருப்பவளிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு எதைக் கொடுத்துவிட்டு வருவது? வெறும் கணக்கெடுப்பாக மட்டும் இருந்தால் இதற்குப் பதில் இல்லை என்றே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோவாவில் 81 குடும்பங்களைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2008-ல் வேறு வழியைக் காட்டியது. உள்ளூர் ஆலோசகர்கள் வீட்டுக்கே போய், குளிப்பாட்டும்போது அடம்பிடித்தால் என்ன செய்வது என்பது போன்றவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். பார்த்துக்கொள்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது. அங்கே ஆய்வே கைம்மாறாகவும் ஆயிற்று. ஒப்புதல் விஷயத்திலும் ஒரு நேர்மை வேண்டும். நோயாளிக்காகக் கையெழுத்திடுவது மகனாக இருக்கலாம். ஆனால் கேள்விகள் மருமகளைப் பற்றியவை என்றால் ஆய்வுக்கு உட்படுபவள் அவள். மகனின் கையெழுத்து அவளுக்குச் செல்லாது.

படுகையில் இப்போது கிணற்றடி வரை போகிறவர் ஒருவர் இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும் உள்ளூர்ப் பெண். அந்த மாத்திரையை எடுத்துப் பெரியவர் வாயில் போடுவது எந்தக் கை என்பது அவருக்குத் தெரியும். கும்பகோணத்தைச் சுற்றி ஆய்வு நடத்த நினைப்பவர்கள், அவருக்கு உரிய ஊதியம் கொடுத்து, அவரோடு போகட்டும். பகல் சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்த பிறகு, இரண்டரை மணி வாக்கில் போகட்டும். நடவு நாட்களில் மட்டும் விளக்கு வைத்த பிறகு.