திரையில் குறும்பு நாய், தோட்டத்தில் காவல் நாய்: டெங்கிலை முன்வைத்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் விலங்குகள் இடம்பெறும் குடும்பப் படங்களைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. சிறுவர்க்கான பொழுதுபோக்கு என அவை ஒதுக்கப்படுகின்றன. ஆயினும், ஒரு சமூகம் எத்தகைய வீட்டில் வாழ்ந்தது, அவ்வீட்டில் யாருக்கெல்லாம் இடமிருந்தது என்பதற்கு இப்படங்கள் சான்றாகின்றன என்பது நம் கருத்து. இதனைச் சிலாங்கூரிலுள்ள டெங்கில் மக்களின் வாழ்க்கையோடு இணைத்து இங்கு நோக்குவோம்.

தமிழில் விலங்குப் படங்களுக்கு நிலையான இடத்தைத் தேடித் தந்தவர் சாண்டோ சின்னப்பா தேவர். அவரது தேவர் பிலிம்ஸ் நிறுவனம் 1956இல் ‘தாய்க்குப் பின் தாரம்’ படத்தில் காளையையும், 1957இல் ‘நீலமலைத் திருடன்’ படத்தில் குதிரையையும் நாயையும் கதையில் பங்குபெறச் செய்தது. 1971இல் இந்தியில் வெளிவந்த ‘ஹாத்தி மேரே சாத்தி’ என்னும் யானைப் படம், 1972இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் ‘நல்ல நேரம்’ ஆயிற்று. நாயே முதன்மை பெறும் படங்கள் பின்னரே மிகுந்தன. ‘நாய்கள் ஜாக்கிரதை’ (2014) நாயைக் காவல் அதிகாரியின் துணையாகக் காட்டியது. சரோவ் சண்முகம் இயக்கிய ‘ஓ மை டாக்’ (2022) அதனை வீட்டுக்குள் அழைத்து வந்தது. விஜயகுமார், அருண் விஜய், ஆர்ணவ் விஜய் என நிஜ வாழ்விலும் பாட்டன், தந்தை, பேரனாக உள்ள மூவர் நடித்த அப்படத்தில், பார்வையற்ற நாய்க்குட்டியொன்று குடும்ப உறுப்பினராகின்றது.

இத்தகைய நகைச்சுவைக்கு ஓர் அடிப்படைத் தேவையுண்டு. செருப்பைக் கவ்வியோடும் நாயைத் துரத்த வாசல் வேண்டும். அது ஒளிந்துகொள்ளக் கொல்லைப்புறம் வேண்டும். கண்டு சிரிக்க அண்டை வீட்டார் வேண்டும். மலாயாத் தோட்டங்களின் லயன் வீடுகளில் இவை மூன்றும் இருந்தன. அங்கு நாய் இரவுக் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் உதவியது. தோட்டத் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டப்பட்ட நாள்களில், திரையில் நாயைக் கண்டு சிரித்தோர் வீடு திரும்புகையில் அவர்களை வரவேற்றதும் நாயே.

1995இல் புத்ராஜெயா உருவாக்கம் தொடங்கியபோது இந்நிலை மாறியது. பிராங் பெசார், கெலவே, மெடிங்லி, செட்ஜ்லி தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. கட்டடக் குறைபாடுகளை எடுத்துக்காட்டி அவர்கள் தரைவீடு கோரி நெடுங்காலம் போராடினர். அடுக்குமாடிக்கு வாசலுமில்லை; கொல்லையுமில்லை. நாய் வளர்க்க உள்ளாட்சி மன்ற உரிமம் வேண்டும். சுவரையும் படிக்கட்டையும் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீட்டாரின் மனமும் நோகலாகாது. தரைவீட்டுக் கோரிக்கையை வெறும் செங்கல், சிமெண்டு பற்றியதாக மட்டும் கருதுதல் பொருந்தாது. மனிதரும் விலங்கும் ஒருங்கே வாழ்ந்த வாழ்முறையின் இழப்பும் அதனுள் அடங்கும்.

இழப்பீட்டுக் கணக்குகள் குடும்பங்களை எண்ணும். வாசலில் படுத்திருந்த நாயை எண்ணா. எனவே, முன்னாள் தோட்ட மக்களிடம் வாய்மொழி வரலாறு திரட்டும் நம் மாணவர்கள், கூலி, கோயில், பள்ளி ஆகியவற்றோடு அவர்கள் வளர்த்த நாய்களின் பெயர்களையும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். கேட்கப்படுவோர் முதலில் சிரிக்கக்கூடும். அச்சிரிப்பைத் தொடர்ந்து வரும் செய்திகள் எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைப்பன அல்ல.