கைப்பிடியிலிருந்து சாவி வரை: கனரக இயந்திரங்களை எழுப்பிய கதை



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு மின்சுற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தொடர் மின்சுற்று, இணைக்கரை மின்சுற்று இரண்டையும் வெண்பலகையில் வரைந்து முடித்தபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், எங்க அப்பா ஓட்டுற மெஷினுல ரெண்டு பெட்டரி இருக்கு. அது தொடரா, இணைக்கரையா?" எனக்கு விடை தெரியவில்லை. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்றுத்தந்தது ஒரு பலகை, இரு மின்குமிழ், இரண்டு உலர் மின்கலம், அவ்வளவே. மாலையில் மகனை அழைத்துச் செல்ல வந்த தந்தையிடமே கேட்டுவிட்டேன்.

"தொடர்தான் டீச்சர். பன்னெண்டும் பன்னெண்டும் இருபத்து நாலு. அந்த இருபத்து நாலுலதான் என்னோட மூணு நாள் சம்பளம் போச்சு" என்றார் அவர்.

அவர் ஒரு கல்லுடைப்புப் பகுதியில் எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவர். ஒரு காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலி மட்டும் வந்ததாம். இயந்திரம் சுழலவில்லை, விளக்குகளோ பளிச்சென்று எரிந்தன. இரவு முழுவதும் விசையை மூடாமல் விட்டு பேட்டரியை வீணாக்கியவர் இவரே என்று மேற்பார்வையாளர் முடிவு கட்டிவிட்டார். புதிய பேட்டரிகள் இரண்டு வாங்கிப் பொருத்தினார்கள். மறுபடியும் அதே 'டக்'. மூன்று நாள் வேலையில்லை, கூலியில்லை. பேட்டரிகளின் விலையையும் இவருடைய சம்பளத்தில் பிடிப்பதாகப் பேச்சு.

அந்த 'டக்' ஒலிக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது என்று அறியும் ஆவலில் சில வாரங்களாகப் படித்தேன். படித்ததைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ருடால்ப் டீசல் 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். அவருடைய இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகக் கடுமையாக அழுத்தினால் அது 500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறும். அச்சூட்டிலே எரிபொருள் தானாகவே பற்றிக்கொள்ளும். எரிபொருள் சிக்கனத்திற்கும் வலிமைக்கும் அந்த அழுத்தமே காரணம். தொல்லைக்கும் அதுவே காரணம். இயந்திரம் ஓடாத நிலையில் அந்த அழுத்தத்தை எதிர்த்து அதன் கனத்த தண்டை யார் சுழற்றுவது?

சிறிய பெட்ரோல் இயந்திரங்களை மனிதர் கையாலேயே சுழற்றினர். முன்புறத் துளையில் வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். இயந்திரம் சில வேளை எதிர்த்திசையில் உதைக்கும். உதைத்தால் மணிக்கட்டு எலும்பு முறியும். அம்முறிவுக்கு மருத்துவ நூல்களில் 'ஓட்டுநர் முறிவு' என்றே பொருள்படும் பெயர் உண்டு. பேராக்கில் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டத் தொடங்கிப் பின்னர் புல்டோசர் ஓட்டிய என் பெரியப்பாவின் வலது மணிக்கட்டு சற்று வளைந்தே இருக்கும். சிறுவயதில் எங்களுக்கு அவர் அதைக் காட்டி, "கட்டை விரல மத்த விரலோட ஒரே பக்கம் வைக்கணும், சுத்திப் பிடிக்கக் கூடாது. கீழே அமுக்கக் கூடாது, மேல இழுக்கணும்" என்பார். அந்த அறிவுரை முறிவுக்குப் பின்னர்தான் அவருக்குக் கிடைத்தது என்பதை நாங்கள் பெரியவர்களான பிறகே புரிந்துகொண்டோம்.

கைச்சுழற்சியைக் கார்களிலிருந்து விரட்டியவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். கடைகளில் பணம் வாங்கும் இயந்திரத்திற்கு முன்னர் மின்னோடி பொருத்தியவர் அவர். அந்தப் பணி அவருக்கு ஒன்றைக் கற்பித்திருந்தது: சில நொடிகள் மட்டுமே இயங்கும் மின்னோடியை அதன் தாங்குதிறனுக்கு மேல் வருத்தலாம், சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆகவே சிறியதொரு மின்னோடியே காரின் இயந்திரத்தைச் சுழற்றப் போதும் என்று அவர் கண்டார். 1912ஆம் ஆண்டின் கேடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்தது.

காருக்கு வந்தது கனரக இயந்திரத்திற்கு உடனே வரவில்லை. இந்த இடைவெளிக் காலம்தான் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றியது. ஆளுக்கொரு வழி தேடினர். ஜெர்மனியில் 1921இல் வெளிவந்த லான்ஸ் புல்டாக் டிராக்டரின் தலைப்பகுதியை முதலில் ஊதுவிளக்கால் பழுக்கச் சூடாக்க வேண்டும். பின்னர் ஓட்டும் வளையத்தையே கழற்றிப் பக்கவாட்டில் செருகிச் சுழற்ற வேண்டும். இங்கிலாந்தின் பீல்ட் மார்ஷல் டிராக்டரைத் துப்பாக்கித் தோட்டா போன்ற ஒன்றை வெடித்தும் எழுப்பலாம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1933இல் கொண்டுவந்த டி.டி. 40 இன்னும் விந்தையானது. முதலில் பெட்ரோல் இயந்திரமாக ஓடும். சூடேறியதும் அதே இயந்திரம் டீசலுக்கு மாறிக்கொள்ளும்.

கேட்டர்பில்லர் நிறுவனம் 1931இல் 'டீசல் சிக்ஸ்டி' என்னும் சங்கிலிச் சக்கர டிராக்டரை வெளியிட்டது. பெரிய டீசல் இயந்திரத்தை எழுப்ப அதன்மேல் இரு உருளைகள் கொண்ட சிறிய பெட்ரோல் இயந்திரம் ஒன்றை அமர்த்தினார்கள். ஆங்கிலத்தில் குட்டிக் குதிரையின் பெயரால் அழைக்கப்படும் அதனைப் பெரியப்பா 'குட்டி இஞ்சின்' என்பார். தொடக்க காலக் குட்டி இஞ்சினைக் கையால் சுற்றி எழுப்பவேண்டும். அது ஓடத் தொடங்கியதும் பெரியதன் அழுத்தத்தைத் தளர்த்தும் நெம்புகோலை இழுத்துவிட்டு இரண்டையும் இணைக்கவேண்டும். பெரியது எதிர்ப்பின்றிச் சுழலும். எண்ணெய் எல்லா மூட்டுகளுக்கும் ஏறும். குட்டியின் வெந்நீர் பெரியதன் உடலையும், அதன் புகைச்சூடு பெரியது உள்ளிழுக்கும் காற்றையும் சூடாக்கும். பிறகு அழுத்தத்தைக் கொடுத்து, டீசலைத் திறந்தால் பெரியது உறுமி எழும். இவை அனைத்தும் ஒரு பேட்டரிகூட இல்லாமல்! தீப்பொறிக்கு மேக்னெட்டோ போதும். குலுங்கும் இயந்திரத்தில், பட்டறைக்கு எட்டாத இடத்தில், சாகக்கூடிய பேட்டரியை நம்பாமல் இருப்பது மிகப் பெரிய நன்மை.

மலாயாவில் 1956ஆம் ஆண்டு பெல்டா நில மேம்பாட்டு அமைப்பு உருவானது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு ஜூரோங் தொழிற்பேட்டைப் பணி தொடங்கிக் குன்றுகள் வெட்டப்பட்டுச் சதுப்பு நிலங்கள் நிரப்பப்பட்டன. அத்தலைமுறையினரான பெரியப்பாவின் குறைகளெல்லாம் குட்டி இஞ்சினைப் பற்றியவை. மழைக்காலத்தில் மேக்னெட்டோ ஈரமாகும். நின்றுபோன பெட்ரோல் கார்புரேட்டரில் பிசின்போல் ஒட்டும். பெரிய இயந்திரத்தில் ஒரு பழுதும் இருக்காது. ஆனால் குட்டி எழாவிட்டால் பெரியதும் எழாது.

பின்னர் மின்சாரமே வென்றது. ஆனால் ஒரு சிக்கல் குறுக்கே நின்றது. விளக்குக்கும் டைனமோவுக்கும் 12 வோல்ட் போதும். பெரிய டீசலைச் சுழற்ற 24 வோல்ட் வேண்டும். இங்கேதான் என் மாணவனின் கேள்விக்கு நான் எதிர்பாராத விடை கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல கனரக வாகனங்களில் இரு பேட்டரிகளும் தொடராகவும் இருந்தன, இணைக்கரையாகவும் இருந்தன! ஓடும்போது இணைக்கரையில் 12 வோல்ட். ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்திய அந்தச் சில நொடிகள் மட்டும் ஒரு பெரிய விசை அவற்றைத் தொடராக மாற்றி 24 வோல்ட் தரும். விரலை எடுத்ததும் பழையபடி இணைக்கரை. நாம் தேர்வுக்காக மனனம் செய்யவைக்கும் இரு படங்களும் ஒரே இயந்திரத்தில் நாள்தோறும் மாறி மாறி வந்திருக்கின்றன. அவ்விசையின் தொடுமுனைகள் தீய்ந்துவிட்டால் ஒரு பேட்டரி நிறையும், மற்றொன்று பட்டினி கிடக்கும். காலப்போக்கில் இயந்திரம் முழுவதையுமே 24 வோல்ட்டுக்கு மாற்றினார்கள். 1960களில் டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடிக்கத் தொடங்கியது; இயந்திரம் மெதுவாக ஓடும்போதும் அது மின்னேற்றம் தரும்.

மணிக்கட்டு தப்பியது. தொல்லையோ ஒழியவில்லை, கையிலிருந்து கம்பிக்கு இடம்பெயர்ந்தது. முன்பு பழுது எங்கே என்று உடலே உணர்ந்தது. கம்பியில் புகுந்த பழுது கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் பழி எளிதில் மனிதர்மேல் விழுகிறது.

ஒரு சிறு கணக்கு. பேட்டரியிலிருந்து இரும்புச் சட்டத்திற்குச் செல்லும் தடித்த கம்பியின் இணைப்பில் 0.02 ஓம் அளவு தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். விளக்குகளுக்கு 5 ஆம்பியர் பாய்ந்தால் அங்கே இழப்பது 0.1 வோல்ட், கண் அதை உணராது. ஸ்டார்ட்டருக்கு 500 ஆம்பியர் பாய வேண்டுமென்றால் இழப்பு 10 வோல்ட். இருபத்து நான்கில் பத்துப் போனால் எஞ்சுவதைக் கொண்டு எந்த எக்ஸ்கவேட்டர் எழும்? ஆகவே விளக்கு எரிவது பேட்டரி நலம் என்பதற்கும் சான்றாகாது, கம்பி நலம் என்பதற்கும் சான்றாகாது. பெரிய மின்னோட்டம் பாயும் அந்த நொடியில்தான் அளந்து பார்க்கவேண்டும்.

நான்காம் நாள் வந்த முதிய மெக்கானிக் அதைத்தான் செய்திருக்கிறார். பேட்டரியைத் தொடவே இல்லையாம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறு முனையை இரும்புச் சட்டத்திலும் வைத்துவிட்டு, "சாவியத் திருப்பு தம்பி" என்றாராம். ஏறக்குறைய சுழியம் காட்டவேண்டிய மீட்டர் பல வோல்ட் காட்டியது. பிறகு அந்தக் கம்பியின் முனையைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார், அது சுட்டது. மேலே பார்க்க நல்ல கம்பி. முனை அழுத்திப் பொருத்தப்பட்ட இடத்தில், உறைக்குள்ளே, செம்பு பச்சை மாவாக உதிர்ந்திருந்தது. வேறு கம்பி போட்டதும் முதல் திருப்பலிலேயே இயந்திரம் எழுந்தது.

பேட்டரி விலை சம்பளத்தில் பிடிக்கப்படவில்லை. மூன்று நாள் கூலி மட்டும் வரவே இல்லை.

நான் கேட்டுக்கொண்டதற்கிணங்க அந்தப் பழைய கம்பியை மகனிடம் கொடுத்தனுப்பினார் தந்தை. மறுநாள் அதனைப் பாடப் பலகையின் மின்சுற்றில் இணைத்தேன். மின்குமிழ் சற்றும் மங்காமல் எரிந்தது. "கம்பி நல்லாத்தானே இருக்கு டீச்சர்?" என்று வகுப்பே கேட்டது. அவன் மட்டும் எழுந்து நின்று, "எங்கப்பாவயும் இப்படித்தான் சொன்னாங்க" என்றான்.