இல்லாத பல்கலைக்கழகத்தின் முதலாம் வருஷம்

1991 ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன். ஜேர்மனியில் ஒருவழியாக விசா கிடைத்துவிட்டது. இனியாவது கோப்பை கழுவுவதை விட்டுவிட்டு வேறு வேலை தேடலாம் என்று என் பட்டச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். கையிலிருந்த காசைக் கொடுத்து ஜேர்மன் மொழியில் மாற்றி, முத்திரையும் குத்தி வைத்திருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1979 இல்தான் தொடங்கியிருக்கிறது. உங்கள் பட்டம் 1978. இது எப்படி?"

நான் படித்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இல்லை, ஸ்ரீலங்காப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் என்றேன். மறுபடியும் புரட்டினார்.

"அப்படி ஒரு பல்கலைக்கழகம் இல்லையே."

கள்ளச் சேர்ட்டிபிக்கற் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பார்வை இருக்கிறதே... இலங்கையின் பல்கலைக்கழகச் சட்டங்களை விளக்கும் அளவுக்கு அப்போது என் ஜேர்மன் போதாது. பத்திரத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகும் கன வருஷம் கோப்பைதான் கழுவினேன். அன்று அந்த மேசையில் சொல்ல முடியாமல் போனதை இப்போது தமிழிலாவது எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் அந்தப் பெண்மணியின் கேள்விக்குப் பதில். 1972 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் இலங்கையில் இருந்த பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரே பல்கலைக்கழகமாக்கப்பட்டன. பேராதனை, கொழும்பு, வித்தியோதயா, வித்தியாலங்காரா, கட்டுபெத்தை எல்லாம் அதன் வளாகங்கள். ஆறாவது வளாகமாக 1974 ஓகஸ்ட் 1 முதல் யாழ்ப்பாணம் சேர்ந்தது. உபவேந்தர் கொழும்பில், வளாகத்துக்கு ஒரு தலைவர். 1978 இல் வந்த புதிய சட்டத்தோடு இந்த ஒரே பல்கலைக்கழகம் கலைந்தது. 1979 ஜனவரி 1 இல் ஆறு வளாகங்களும் ஆறு பல்கலைக்கழகங்களாயின. ஆகவே 1974 இல் உள்ளே போய் 1978 இல் பத்திரம் எடுத்த எங்களுக்கு, பத்திரத்தில் இருக்கும் பெயர் இப்போது பூமியில் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் 1974 இல் ஏன் யாழ்ப்பாணத்துக்கு ஒரு வளாகம் கிடைத்தது என்பது அவ்வளவு சுருக்கமான கதை இல்லை.

தமிழருக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற பேச்சு பழையது. தமிழரசுக் கட்சி திருகோணமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் கேட்டது. வேறு சிலர் யாழ்ப்பாணத்தில் இந்துப் பல்கலைக்கழகம் கேட்டார்கள். அங்கேயா இங்கேயா என்று நாங்கள் இழுபட்டதில் வருஷங்கள் போயின. அதற்கிடையில் தரப்படுத்தல் வந்தது. 1971 இல் பொறியியல் பீடத்துக்குப் போகத் தமிழில் எழுதியவனுக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவனுக்கு 227 போதும். 1974 இல் மாவட்டக் கோட்டாவும் சேர்ந்தது. எங்கள் வயதுப் பெடியளின் கோபத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் தேடத் தேவையில்லை.

அந்த வருஷத்தைப் பாருங்கள். ஜனவரி 10, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள், யாழ்ப்பாணத்தில் 9 பேர் செத்தார்கள். ஜூன் 5, உரும்பிராய் சிவகுமாரன் சயனைட் குடித்துச் செத்தான். ஒக்டோபர் 6, பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வந்து வளாகத்தைத் திறந்து வைத்தார். பல்கலைக்கழக வாசலை எங்களுக்கு நெருக்கிவிட்ட அதே அரசாங்கம் ஒரு புது வாசலையும் திறந்தது. சனம் இதை எப்படி எடுத்திருக்கும்?

எங்கள் ஊர் கோண்டாவில். ஐயா தோட்டக்காரர். அப்போது மிளகாய், வெங்காயம் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையில் நாலு காசு புழங்கிய காலம். திறப்பு விழாவன்று ஐயா படலையில் கறுப்புக்கொடி கட்டினார். எனக்கு அனுமதிக் கடிதம் ஏற்கனவே வந்து, வீட்டில் சாமிப்படத்துக்குக் கீழே இருந்தது.

என் கூட்டாளி ஒருவனுக்கும் கடிதம் வந்திருந்தது. அவன் போகவில்லை.

"மச்சான், அது சிறிமா தாற சூப்புத்தடி. வாயில வைச்சியோ, பிறகு கத்தமாட்டாய்" என்றான்.

எனக்கும் மனம் குழம்பிவிட்டது. ஐயாவிடம் கேட்டேன். அவர் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணி மாறிக்கொண்டிருந்தார்.

"ஆர் திறந்தா என்ன தம்பி, படிப்பு உன்ரதானே. போ."

வகுப்புத் தொடங்கிய அன்று காலமை என் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுத் தந்ததும் அவர்தான்.

திருநெல்வேலி பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்கள்தான் வளாகம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே மனிதப்பண்பியற் பீடம். விஞ்ஞான பீடம் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரி வகுப்பு நடந்த இடத்தில். 1823 இல் அமெரிக்க மிசனரிமார் செமினறி தொடங்கியதும் அதே வட்டுக்கோட்டைதான். அதை அவர்களே 1855 இல் மூடினார்கள். ஒரு வளாகம், இரண்டு ஊர். விஞ்ஞான பீடத்தில் படித்த நண்பனைப் பார்த்துவிட்டு வர எனக்கு அரைநாள் போகும்.

வளாகத்தின் முதல் தலைவர் க. கைலாசபதி. தினகரன் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர். அந்த ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. இடதுசாரி. ஆகவே தமிழ்க் கட்சிக்காரருக்கு அவர் "அரசாங்கத்தின்ர ஆள்". மனிதப்பண்பியற் பீடாதிபதி கா. இந்திரபாலா, வரலாற்றுத் துறையை உண்டாக்கியவரும் அவர்தான். விஞ்ஞானத்துக்குப் பேராசிரியர் பெ. கனகசபாபதி.

நான் எடுத்தவை தமிழ், வரலாறு, புவியியல். முதல் தவணையில் எங்களுக்குப் பெரிய பிரச்சினை அரசியல் இல்லை, புத்தகம். வளாக நூலகம் பரமேஸ்வராக் கல்லூரியின் பழைய நூல்களோடுதான் ஆரம்பித்தது. ஒரு புத்தகத்துக்குப் பத்துப்பேர் காத்திருப்போம். விரிவுரை முடிந்ததும் சைக்கிளில் யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குப் போவோம். பூட்டும்வரை இருந்து கையால் எழுதுவோம். 1981 இல் அந்த நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தபோது, என் முதலாம் வருஷக் குறிப்புகள் எல்லாம் எரிந்துபோன புத்தகங்களின் பிரதிகள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தக் குறிப்புகளையும் இடப்பெயர்வு தின்றுவிட்டது.

தமிழில் படிப்பிப்பது என்றால் கலைச்சொல்லில் இருந்து தொடங்கவேண்டும். அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளை வைத்துக்கொண்டு ஒரு சொல்லுக்குக் கால் மணித்தியாலம் விவாதம் நடக்கும். குறிப்புகளை றோணியோவில் அடித்துத் தருவார்கள். மை காயமுதல் கையில் எடுத்தால் சேட்டில் ஒட்டிவிடும். எங்கள் அணிக்கு முன்னால் ஒரு அணி இல்லை. பழைய வினாத்தாள் இல்லை. "போன வருஷம் என்ன வந்தது" என்று கேட்க ஒரு அண்ணனும் இல்லை. முதல் சோதனைக்குப் போனபோது எங்களுக்கு இருந்த பயம் பிறகு வந்த எந்த அணிக்கும் இருந்திராது.

வரலாற்றுப் பாடத்துக்காக ஒருநாள் கந்தரோடைக்குச் சைக்கிளில் போனோம். போல் பீரிஸ் என்பவர் 1917 - 1919 காலத்தில் ஆராய்ந்த இடம். 1970 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் வந்து தோண்டியிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் அதுவரை நான் அந்தப் பக்கம் போனதே கிடையாது. பனங்காணிக்குள் குட்டிக் குட்டியாய்க் கல் தூபிகள். எங்கள் காலடியில் இரண்டாயிரம் வருஷம் கிடக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இந்திரபாலா பற்றி ஒன்று சொல்லவேண்டும். பத்தாம் நூற்றாண்டுக்கு முன் இலங்கையில் பரந்த தமிழ்க் குடியேற்றங்கள் இருந்ததற்குச் சான்று போதாது என்பது அவருடைய 1965 ஆம் ஆண்டு லண்டன் ஆய்வின் முடிவு. யாழ்ப்பாணத்தில் இது ஒருவருக்கும் பிடிக்காத கதை. எங்களுக்கும் கோபம்தான். 2005 இல் அவர் எழுதிய நூலில், பிறகு கிடைத்த அகழ்வுச் சான்றுகளை வைத்துத் தன் முன்னைய முடிவுகள் பலவற்றை அவரே மாற்றினார். கோபத்துக்காக மாற்றவில்லை, சான்றுக்காக மாற்றினார். வரலாறு படிப்பது என்றால் என்ன என்று எனக்கு இதைவிட நன்றாக ஒருவரும் சொல்லித்தரவில்லை.

வெளியில் நாடு சும்மா இருக்கவில்லை. 1971 இல் போட்ட அவசரகாலச் சட்டம் 1977 வரை எடுபடவில்லை. 1975 பெப்ரவரி 6 இல் காங்கேசன்துறை இடைத்தேர்தல். செல்வநாயகம் 16,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். ஜூலை 27 இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலைக் கோயிலடியில் சுடப்பட்டார். அடுத்து வந்த நாட்களில் சைக்கிளில் போகும் இளைஞன் என்றாலே மறிப்பார்கள். வளாக அடையாள அட்டை சில நேரம் காப்பாற்றும், சில நேரம் அதுவே சந்தேகத்தைக் கூட்டும். இப்படித்தான் எங்கள் முதலாம் வருஷம் முடிந்தது.

அந்த டிசெம்பரில் இராமநாதன் இசைக் கல்லூரி வளாகத்தோடு சேர்ந்தது. சிங்கள மாணவர்களும் எங்களோடு படித்தார்கள். 1977 ஓகஸ்ட் கலவரத்தோடு அவர்கள் எல்லோரையும் பாதுகாப்பாகத் தெற்குக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் சிங்கள மாணவர்களை அடித்தார்கள் என்று தெற்கில் பரவிய வதந்தியால் அங்கே இருந்த தமிழர் அடிபட்டார்கள். 1978 இல் மருத்துவ பீடம் கைதடி ஆயுர்வேத வைத்தியசாலையில் தொடங்கியது. 1980 கடைசியில் வளாகத்தார், இல்லை, அப்போது பல்கலைக்கழகத்தார், ஆனைக்கோட்டையில் தோண்டியபோது பிராமி எழுத்து முத்திரை கிடைத்தது. நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். செய்தியை வாசித்துவிட்டு என் மாணவர்களுக்கு ஏதோ நானே தோண்டி எடுத்ததுபோலச் சொன்னேன்.

இப்போது யோசித்தால், சூப்புத்தடி என்று சொன்னவன் பிழை சொல்லவில்லை. கோபத்தை ஆற்றத் தந்ததுதான் அது. எங்கள் இடத்தை முறையாகத் தந்திருந்தால் ஒரு வளாகத்தைக் காட்டிச் சமாதானப்படுத்தத் தேவை இருந்திராது. ஆனால் தந்தவர் என்ன நினைத்துத் தந்தார் என்பதோடு ஒரு பள்ளிக்கூடத்தின் கதை முடிவதில்லை. கரும்பலகையில் எழுதியவரும், றோணியோக் கைப்பிடியைச் சுற்றியவரும், பத்துப்பேருக்கு ஒரு புத்தகத்தைப் பகிர்ந்தவரும் அதை வேறொன்றாக மாற்றிவிட்டார்கள். ஐயாவுக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது. படலையில் கட்டிய கறுப்புக்கொடியும் பொய்யில்லை, சைக்கிள் செயினுக்கு விட்ட எண்ணெயும் பொய்யில்லை.

2024 ஒக்டோபரோடு அந்தத் திறப்பு விழாவுக்கு ஐம்பது வருஷம் முடிந்தது. வளாகத்துக்கு வரமாட்டேன் என்றவன் ஊரைவிட்டு அசையவே இல்லை. அவனுடைய மகள் யாழ்ப்பாணத்தில்தான் மருத்துவம் படித்து டொக்டரானாள். தொலைபேசியில் அவனைச் சீண்டினேன்.

"சூப்புத்தடி எப்படியடா இருக்கு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அது அப்ப மச்சான். இப்ப எங்கட" என்றான்.

என் சேர்ட்டிபிக்கற் இப்போதும் அலுமாரிக்குள் இருக்கிறது. இனி அதை ஒருவருக்கும் காட்டி வேலை கேட்கப்போவதில்லை. ஆனால் எங்கள் முதல் அணியில் யாராவது, அல்லது அவர்களுடைய பிள்ளைகள், இன்னமும் ஏதாவது ஒரு நாட்டில் ஏதாவது ஒரு மேசைக்கு முன்னால் நின்றால் சொல்லுங்கள். ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர்கள், ஒரே கரும்பலகை. 1979 ஜனவரி 1 இல் மாறியது பெயர்ப்பலகை மட்டும்தான்.