உணவும் நீள்வெளியீட்டு வலி மருந்தும்: பல்லடோன் விலக்கலின் வரலாற்று இடம்

முன்னுரை

மாத்திரை இரைப்பையை அடையும்போது அங்கே வேறு என்ன இருக்கிறது என்னும் வினா, நீள்வெளியீட்டு மருந்துகளைப் பொறுத்தவரை உயிர்காப்பு வினாவாகும். பல மணி நேரத்திற்குரிய மருந்து அவற்றில் ஒன்றாக அடங்கியுள்ளது. மருந்தைத் தடுத்து நிறுத்தும் பூச்சோ பிணைப்புப் பொருளோ குலைந்தால், நாள் முழுமைக்குமான அளவு சிறிது நேரத்தில் குருதியில் கலந்துவிடும். ஓப்பியாய்டு வகை வலி நீக்கிகளில் இது மூச்சொடுக்கத்திற்கும் இறப்பிற்கும் இட்டுச்செல்லக்கூடும். உணவின் இவ்விளைவை மருந்து ஒழுங்குமுறை எவ்வாறு படிப்படியாக உணர்ந்தது என்பதை அமெரிக்கச் சான்றுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

காலை உணவுச் சோதனை

1952இல் ஸ்மித் கிளைன் அண்டு பிரெஞ்சு நிறுவனம் ‘ஸ்பான்சூல்’ உறைமாத்திரையை அறிமுகப்படுத்தியது. வெவ்வேறு தடிப்புள்ள பூச்சுகளைக் கொண்ட நுண்மணிகள் அதனுள் இருந்தன. 1980களில் மார்பினும் நீள்வெளியீட்டு வடிவம் பெற்றது. எனினும், உணவு பற்றிய முக்கியமான எச்சரிக்கை ஆஸ்துமா மருந்தொன்றிலிருந்து வந்தது. நாளொன்றுக்கு ஒருமுறை உட்கொள்ளும் தியோஃபிலின் மருந்தைக் கொழுப்பு மிகுந்த காலை உணவுடன் எடுத்தால், அதன் பெரும்பகுதி சில மணி நேரத்தில் வெளியாகி நச்சு விளைவைத் தரலாம் என்று 1985இல் வெளியான ஆய்வு காட்டியது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறை, சோதனைக்கான உணவையே வரையறுத்தது: வெண்ணெயில் பொரித்த இரண்டு முட்டை, இரண்டு துண்டு பன்றி இறைச்சி, வெண்ணெய் தடவிய ரொட்டி, வறுத்த உருளைக்கிழங்கு, ஒரு கோப்பைப் பால். மொத்தம் 800 முதல் 1000 கலோரி. ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்து. உணவின் உச்ச விளைவை அறிவதே இதன் நோக்கம். ஆயினும் இவ்வுணவில் மதுவுக்கு இடமில்லை.

பல்லடோன்: 2004–2005

பர்டியூ ஃபார்மா நிறுவனத்தின் பல்லடோன், நாளுக்கு ஒருமுறை உட்கொள்ளும் ஹைட்ரோமார்ஃபோன் மருந்து. 2004 செப்டம்பரில் ஒப்புதல் பெற்று, 2005 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. நலமான தன்னார்வலர்களிடம் நடந்த ஆய்வில், 40 விழுக்காடு ஆல்ககால் கொண்ட 240 மில்லிலிட்டர் பானத்துடன் உட்கொண்டபோது, குருதியில் மருந்தின் உச்ச அளவு, நீருடன் உட்கொண்டதைவிடச் சராசரியாக ஆறு மடங்காயிற்று. ஒருவரிடம் 16 மடங்காயிற்று. 4 விழுக்காடு ஆல்ககாலே சிலரிடம் அதனை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. 2005 ஜூலையில், நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

ஓப்பியாய்டுடன் மது கூடாது என்பது முன்பே அறிந்ததுதான். இரண்டின் மயக்க ஆற்றலும் சேரும் என்பது அதன் காரணம். பல்லடோன் காட்டியது வேறொன்று. நீரில் கரையாத பிணைப்புப் பொருள் ஆல்ககாலில் இளகியதால், மருந்தின் வடிவமைப்பே குலைந்தது.

பின்விளைவு

அதன்பின், நீள்வெளியீட்டு மருந்துகளை ஆல்ககால் கலந்த கரைசலில் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது நடைமுறையாயிற்று. 2006இல் ஒப்புதல் பெற்ற ஓப்பானா இ.ஆர். மருந்தின் விவரக்குறிப்பு, உணவால் உச்ச அளவு ஏறத்தாழ 50 விழுக்காடு உயர்வதால், உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ உட்கொள்ளப் பணித்தது. ஆக்சிகான்டினின் விவரக்குறிப்போ, உட்கவரப்படும் மொத்த அளவில் உணவுக்குக் குறிப்பிடத்தக்க விளைவில்லை என்றது. ஆகவே ஒரு மருந்துக்குக் கண்ட விதியை மற்றொன்றுக்குப் பொருத்துதல் பிழையாகும்.

முடிவுரை

1985இல் கொழுப்பும் 2005இல் மதுவும் ஒரே உண்மையை உணர்த்தின. சோதனைக்கெனத் தேர்ந்த உணவு, நோயாளி நாள்தோறும் உண்பதையும் அருந்துவதையும் முழுமையாகப் பிரதிபலிப்பதில்லை. பல்லடோன் மருந்தில் இவ்விடைவெளி தன்னார்வலர் ஆய்வில் வெளிப்பட்டது. எனவே நீள்வெளியீட்டு மருந்துகளின் வரலாற்றை எழுதுவோர், வேதிப்பொருளோடு நோயாளியின் உணவையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.