கார்பொனாராவில் கிறீம் ஊத்தினது யார்?

அடா போனி என்ற எழுத்தாளர் 1930ஐ ஒட்டி ரோம் நகரத்துச் சமையலைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்த ஊர்ச் சனம் வீட்டிலும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளிலும் என்ன சாப்பிட்டது என்று பதிவுசெய்த புத்தகம். குடல் இருக்கு, மாட்டுவால் இருக்கு, ஆட்டுக்குட்டி இருக்கு. கார்பொனாரா மட்டும் இல்லை.

இன்றைக்கு ரோமுக்குப் போகிற எவரும் முதல் நாளே தேடிச் சாப்பிடுகிற சாப்பாடு கார்பொனாராதான். 'எங்கட பாட்டன் பூட்டன் காலத்துச் சாப்பாடு' எண்டு சொல்லித்தான் விற்கிறார்கள். அதற்கு ஒரு சட்டமும் உண்டு: ஸ்பகெட்டி, பன்றியின் கன்னத்துக் கொழுப்பிறைச்சியான குவாஞ்சாலே, முட்டை மஞ்சள்கரு, பெக்கொரினோ என்ற செம்மறிப்பால் சீஸ், கறுப்பு மிளகு. அவ்வளவுதான். உள்ளியோ வெங்காயமோ போட்டால் முகம் சுழிப்பார்கள். கிறீம் ஊத்தினீர்களோ, கதை முடிந்தது. பேக்கனும் கிறீமும் போட்டு, கூடவே பட்டாணி, காளான், கரட் எல்லாம் சேர்த்து யாராவது யூரியூபில் பாஸ்தா செய்து காட்டினால் கீழே இத்தாலியர்கள் வந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் போவார்கள்.

நாங்கள் வீட்டில் செய்கிறது பெரும்பாலும் அந்தக் கிறீம் பாஸ்தாதான். கொழும்பில் சாப்பாட்டுக் கடைகளில் கார்பொனாரா என்ற பெயரில் வருவதும் கிட்டத்தட்ட அதேதான். இது 'பிழையான' சாப்பாடா? வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் கேள்வி தலைகீழாக மாறிவிடுகிறது.

1943 செப்டெம்பரில் ஜேர்மன் படை ரோமைப் பிடித்தது. ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில் அந்த ஊர் பட்டினியை நன்றாகப் பார்த்தது. 1944 வசந்த காலத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பாண் 100 கிராம். எங்கட கடைப் பாண் ஒரு இறாத்தல் 450 கிராம் எண்டு வைத்துக்கொண்டால், ஒரு றாத்தல் பாணை நாலரை நாளைக்கு வைத்துச் சாப்பிட வேண்டும். அதுவும் சுத்தமான மாவில் சுட்ட பாண் இல்லை. பெண்கள் கூட்டமாகப் போய் பேக்கரிகளை உடைத்த சம்பவங்கள் அந்தக் காலத்தில் நடந்தன. தைபர் ஆற்றின் மேலுள்ள 'இரும்புப் பாலம்' என்று சனம் சொல்லும் பாலத்தடியில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. மாவுக்காகப் போய்ச் சுட்டுக்கொல்லப்பட்டதாக நினைவுகூரப்படும் பத்துப் பெண்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ரோமின் உணவு வரலாறு எண்டு பேசுகிறபோது சீஸைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அந்தப் பாலத்துக்கு ஏன் போவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

1944 ஜூன் 4 அன்று நேச நாட்டுப் படைகள் ரோமுக்குள் வந்தன. படையோடு படைச் சாப்பாடும் வந்தது. அமெரிக்கப் படையினருக்குக் கிடைத்த உணவில் உப்பிட்டுப் புகையூட்டிய பேக்கன் இருந்தது, முட்டைத்தூள் இருந்தது. தண்ணீர் விட்டுக் கலக்கினால் முட்டை. அந்தப் பெடியளுக்கு ஊரில் காலைச் சாப்பாடே பேக்கனும் முட்டையும்தான். படைக் களஞ்சியத்திலிருந்து இந்தச் சாமான்கள் கறுப்புச் சந்தைக்கு வழிந்தன. கறுப்புச் சந்தையிலிருந்து சமையலறைக்கு. கடைக்காரரிடம் காய்ந்த பாஸ்தா கொஞ்சம் கிடக்கு. காசு வைத்திருப்பது வெளிநாட்டுப் பெடியன். அவனுக்குப் பிடித்தது பேக்கனும் முட்டையும். இந்த மூன்றையும் ஒரு சட்டியில் போட ஒரு மேதை தேவையில்லை.

அந்த மேதை நான்தான் எண்டு சொன்னவர் ஒருவரும் இருக்கிறார். ரெனாத்தோ குவாலாந்தி என்ற பொலோஞ்ஞா நகரத்துச் சமையல்காரர். 1944 செப்டெம்பர் 22 அன்று ரிச்சோனே என்ற கடற்கரை ஊரில் பிரித்தானிய, அமெரிக்கப் படை அதிகாரிகளுக்கு ஒரு விருந்து சமைக்க அவரைக் கூப்பிட்டார்களாம். அமெரிக்கர்களிடம் இருந்த பேக்கன், கிறீம், சீஸ், முட்டைத்தூள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாஸ்தாவில் போட்டாராம். அதுதான் முதல் கார்பொனாராவாம். பல பத்து வருடங்கள் கழித்து அவர் சொன்ன கதை என்பதால் நான் அதை முழுதாக நம்பவில்லை. ஆனால் கதையில் கிறீம் இருக்கு என்பதைக் கவனியுங்கள். பின்னுக்கு உதவும்.

கதைகளை விட்டுவிட்டு எழுத்தில் என்ன இருக்கு எண்டு பார்ப்போம். 1950 ஜூலையில் லா ஸ்தம்பா பத்திரிகை ரோமின் திரஸ்தேவெரே பகுதிச் சாப்பாட்டுக் கடை ஒன்றைப் பற்றி எழுதியபோது, சில வருடங்களுக்கு முன் அமெரிக்க அதிகாரிகள் தேடி வந்த சாப்பாடு எண்டு கார்பொனாராவைக் குறிப்பிட்டது. 1951இல் வந்த ஒரு இத்தாலியப் படத்தில், வேலைக்கு வரும் பணிப்பெண்ணிடம் 'கார்பொனாரா செய்யத் தெரியுமா?' என்று கேட்கும் ஒரு இடம் வருகிறது. அப்படியெண்டால் அதற்குள் ரோம் ஆட்களுக்குப் பெயர் பழகிவிட்டது. ஆனால் செய்முறை? இதுவரை ஆய்வாளர்கள் கண்டெடுத்தவற்றில் முதலில் அச்சான செய்முறை 1952இல் வந்தது. வந்த இடம் ரோம் இல்லை, மிலானும் இல்லை. சிக்காகோ. அந்த நகரத்தின் வடபகுதிச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி பட்ரிசியா புரொன்ரே எழுதிய வழிகாட்டி நூலில், அர்மாண்டோஸ் என்ற இத்தாலியக் கடையின் செய்முறையாக அது இருக்கு.

இத்தாலிக்குள் அது அச்சுக்கு வர இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. 1954 ஓகஸ்டில் லா குசீனா இத்தாலியானா சஞ்சிகை ஒரு செய்முறை போட்டது. அதில் பான்செத்தா, உள்ளி, சுவிற்சர்லாந்தின் குருயேர் சீஸ்! இதை இன்றைக்கு ரோமில் ஒரு கடைக்காரர் செய்தால் ஊரை விட்டுக் கலைத்துவிடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் 1960இல் லுயிஜி கர்னாசீனா வெளியிட்ட பெரிய சமையல் நூல். குவாஞ்சாலே, அதாவது இன்றைக்கு 'இது இல்லாமல் கார்பொனாராவே இல்லை' என்று சொல்லப்படும் அந்தக் கன்னத்து இறைச்சி, கார்பொனாரா செய்முறைக்குள் முதன்முதலில் வருவது அந்த நூலில்தான் என்கிறார்கள். அதே செய்முறையில் இன்னொன்றும் இருக்கு. கிறீம். தூய்மைக்கு அடையாளமாகச் சொல்லப்படுவதும் துரோகத்துக்கு அடையாளமாகச் சொல்லப்படுவதும் ஒரே பக்கத்தில், ஒரே சட்டிக்குள் சேர்ந்தே வந்திருக்கின்றன.

அதற்குப் பிறகு முப்பது வருடம் கிறீமுக்கு நல்ல காலம். எண்பதுகளில் இத்தாலியக் கடைகளில் எதற்கும் கிறீம்தான்: பன்றித்தொடையும் பட்டாணியும் கிறீமும் போட்ட பாஸ்தா, வொட்காவும் கிறீமும் போட்ட பாஸ்தா. குவால்தியேரோ மார்க்கேசி தெரியும்தானே? மிச்சலின் மூன்று நட்சத்திரத்தை இத்தாலியில் முதன்முதலில் 1985இல் பெற்றவர், அந்த நாட்டு நவீன சமையலின் ஆசான். அவரே 1989இல் கொடுத்த கார்பொனாரா செய்முறையில் தாராளமாகக் கிறீம் இருக்கு. யாரும் அழவில்லை. தொண்ணூறுகளுக்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கிறீம் போய், உள்ளி போய், பான்செத்தா போய், இன்றைய ஐந்து சாமான் சட்டம் வந்தது. அதாவது அந்தப் 'புராதன' கார்பொனாராவுக்கும் எங்கட வயதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பெயருக்கும் கதைகள் கட்டினார்கள். மலையில் கரி சுடுகிறவர்களின் சாப்பாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கார்பொனாரி என்ற இரகசியச் சங்கத்தின் சாப்பாடு, மிளகு கரித்தூள் மாதிரிக் கிடப்பதால் வந்த பெயர். எதற்கும் பழைய ஆதாரம் கிடையாது. கரி சுடுகிறவர் கதை மட்டும் கேட்க அழகாக இருக்கு. அதனால்தான் அது நிற்குது.

2023 மார்ச்சில் பார்மா பல்கலைக்கழகத்தின் உணவு வரலாற்றாசிரியர் அல்பெர்த்தோ கிராந்தி ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்கு இதையெல்லாம் சொன்னார். கார்பொனாரா ஒரு அமெரிக்கச் சாப்பாடு என்றார். இத்தாலியில் தீப்பிடித்தது. விவசாயிகள் அமைப்பான கொல்திரெத்தி கண்டன அறிக்கை விட்டது. இத்தாலியச் சமையலை யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்க அந்த நாட்டு அரசாங்கம் விண்ணப்பித்ததும் அதே மாதம்தான். ஒரு தட்டுப் பாஸ்தாவுக்கு ஏன் இவ்வளவு? சீஸுக்கும் இறைச்சிக்கும் பின்னால் பெரிய ஏற்றுமதி வியாபாரம் இருக்கு. 'பாரம்பரியம்' என்ற சொல் பொதியின் மேல் இருந்தால் விலை கூடும். அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், அந்த நாட்டில் 'எங்கட கலாசாரம்' என்று சத்தம் போடும் அரசியல் ஆட்சியில் இருந்த நேரம் அது.

கிராந்தி சொன்னதையும் நான் அப்படியே எடுக்கமாட்டேன். முட்டையும் சீஸும் அடித்துப் பாஸ்தாவில் கலக்கும் பழக்கம் நாப்போலிப் பக்கம் 1830களிலேயே அச்சில் இருக்கு. இப்போலித்தோ கவல்காந்தியின் சமையல் நூலில் பார்க்கலாம். பன்றிக்கொழுப்பை உருக்கிப் பாஸ்தாவில் போடுவதும் அந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. அமெரிக்கர் கொண்டுவந்தது பேக்கனையும் காசையும் பசியையும். சட்டியைப் பிடித்த கை இத்தாலியக் கை. 'அமெரிக்கச் சாப்பாடு' என்பதும் 'ரோமின் பழஞ்சாப்பாடு' என்பதும் ஒரே மாதிரியான சோம்பேறித்தனம். இரண்டு சாப்பாடும் முட்டிக்கொண்ட இடம் ஒரு யுத்தம் என்பதைச் சொல்ல இரண்டு பகுதிக்கும் மனமில்லை.

அதே யுத்தம் எங்கட குசினிக்குள்ளும் வந்ததுதான். 1942இல் பர்மா யப்பானிடம் விழுந்தது. இலங்கை அப்போது அரிசிக்குப் பெரிய அளவில் நம்பியிருந்தது பர்மாவை. அரிசிக்குக் கூப்பன் வந்தது, சோற்றின் இடத்தை நிரப்பக் கோதுமை மா வந்தது. யுத்தத்துக்குப் பிறகு உதவி என்ற பெயரில் அமெரிக்க மாவும் வந்து இறங்கியது. யாழ்ப்பாணத்தில் பழைய ஆக்கள் கோதுமை மாவை இன்னும் 'அமெரிக்கன் மா' என்றுதான் சொல்லுவினம். இதில் எனக்கு ஆச்சரியம் பெயர் இல்லை, செய்முறை. கோதுமை மாவில் தண்ணீர் விட்டால் பசையாக இழுபடும். புட்டுக்கோ இடியப்பத்துக்கோ சரிவராது. எங்கட பெண்கள் என்ன செய்தார்கள்? மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, கட்டி உடைத்து அரித்தார்கள். அவித்தால் அந்த இழுவை செத்துப்போகும்; மா அரிசிமா மாதிரிக் கையில் உதிரும். அமெரிக்காவில் விளைந்த கோதுமையை அரிசி மாதிரி நடக்கப் பழக்கிய வேலை அது. இன்றைக்கு ரொறன்ரோவில் இருக்கிற ஒருவருக்கு அவித்த மாப் புட்டு 'ஊர்ச் சாப்பாடு'. அவரிடம் போய் அது கப்பலில் வந்த சாப்பாடு என்று சொன்னால் அவரும் கொல்திரெத்தி மாதிரித்தான் கோபப்படுவார்.

சரி, வீட்டில் செய்கிறபோது கிறீம் உண்மையில் என்ன வேலை செய்கிறது எண்டும் பார்க்கவேணும். முட்டையில் வெள்ளைக்கரு 62 பாகை அளவிலும் மஞ்சள்கரு 65 பாகை தாண்டியும் இறுகத் தொடங்கும். இப்போதுதான் வடித்த பாஸ்தா அதைவிட நல்ல சூடு. அடுப்பை நிறுத்தாமல் முட்டையை ஊத்தினால் ஒரு நிமிடத்தில் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். கிறீமின் கொழுப்பு இடையில் புகுந்து முட்டை திரளுவதைத் தாமதப்படுத்தும். நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் தட்டுப் போடவேண்டிய கடைக்காரருக்கு அது ஒரு காப்புறுதி. ரோம்காரர் அதே வேலையைப் பாஸ்தா அவித்த தண்ணீரால் செய்கிறார்கள். அதில் கரைந்த மாப்பொருள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கும். கஞ்சித் தண்ணீரைக் கொட்டாத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மரக்கறி போடுவதெண்டால் ஒரு ஒழுங்கு இருக்கு. பேக்கனைக் குளிர்ந்த சட்டியில் போட்டு மெல்லிய நெருப்பில் வையுங்கள். கொழுப்பு உருகி வந்தபிறகுதான் அது மொறுமொறுக்கும். பன்றி சாப்பிடாத வீடெண்டால் கோழித் துண்டை மிளகோடு வதக்கலாம், ஆனால் கொழுப்புப் போதாது, கொஞ்சம் பட்டர் வேணும். பேக்கனை எடுத்துவிட்டு அந்தக் கொழுப்பிலேயே லீக்ஸையும் மெல்லிசாக அரிந்த கரட்டையும் வதக்குங்கள். காளானுக்குத் தண்ணீர் கூட. அதைத் தனியாக, பெரிய நெருப்பில் வற்றவைத்துச் சேர்க்கவேணும், இல்லையெண்டால் சாறு நீர்த்துப்போகும். பட்டாணி கடைசி இரண்டு நிமிடம். பாஸ்தாவைப் பொதியில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தி இறக்கி, அரைக் கோப்பை தண்ணீரை எடுத்து வைத்துவிட்டு வடியுங்கள். கிறீமை ஊத்திக் கொதிக்கவிடாதீர்கள். உப்பைச் சீஸ் போட்ட பிறகு பாருங்கள். பேக்கனிலும் சீஸிலும் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கும். மிளகை மட்டும் சாப்பிட இருக்கும்போது, உரலில் இடித்து.