தூசிக்குள்ள குடியிருக்கிறது யாரு?

எங்க ஊர் தீர்த்தமலை. தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். மலைமேல தீர்த்தகிரீஸ்வரர் கோயில், பாறையிலேர்ந்து சொட்டுற தீர்த்தம்னு ஊர் பேர்லயே தண்ணி இருக்கு. ஆனா ஏப்ரல், மே மாசத்துல கீழ இறங்கிப் பாருங்க, வெறும் புழுதி. தலைமுடி, சோத்துத் தட்டு எல்லாத்துலயும் புழுதி. அதுல புரண்டு வளர்ந்த எங்க அக்காவுக்கு, கல்யாணமாகி வேளச்சேரி ஃப்ளாட்டுக்குப் போன பிறகுதான் காலையில எழுந்ததும் அடுக்குத் தும்மல் ஆரம்பிச்சுது. இப்போ அவ பையனுக்கு மழைக்காலம் வந்தாலே வீசிங். சொந்தக்காரங்க சொல்றது ஒரே டயலாக்: "வீட்டைச் சுத்தமா வெச்சிருந்தா இதெல்லாம் ஏன் வருது?" அவ ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பெருக்குறவ. இந்த எபிசோட் அந்த டயலாக்குக்கான பதில். அதுக்கு நாம நூறு வருஷம் பின்னாடி போகணும்.

1921ல அமெரிக்காவில் கெர்ன் என்ற டாக்டர், ஆஸ்துமா நோயாளிகளோட சொந்த வீட்டுத் தூசியிலேர்ந்தே சாறு எடுத்து அவங்க தோல்ல டெஸ்ட் பண்ணார். பல பேருக்குத் தடிச்சுது. அடுத்த வருஷமே ராபர்ட் குக், வீட்டுத் தூசியில ஆஸ்துமாவைக் கிளப்புற ஏதோ ஒண்ணு தனியா இருக்குன்னு எழுதினார். அது என்னன்னு அவருக்கும் தெரியல. கிட்டத்தட்ட அதே சமயம் நெதர்லாந்தோட லைடன் நகரத்துல ஸ்டோர்ம் வான் லேவன் வேற ரூட்ல போனார். சுத்தமான காத்து மட்டும் உள்ள வர்ற மாதிரி ஒரு ரூம் கட்டி, நோயாளிகளை அதுல தங்க வெச்சார். பல பேருக்கு மூச்சு லேசாச்சு. சுவிட்சர்லாந்து மலைக்குப் போனாலும் அப்படித்தான். அதாவது பக் எங்கேயோ வீட்டுக்குள்ள இருக்கு, ஆனா எந்த லைன்லன்னு தெரியல. 40 வருஷம் இப்படியே ஓடுச்சு.

1964ல அதே லைடன்ல ஃபோர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழு அந்த லைனைக் கண்டுபிடிச்சாங்க. ஈரம் கோர்த்த வீடுகளோட தூசிதான் டெஸ்ட்ல அதிகமா ரியாக்ட் ஆகுதுங்கிற க்ளூவைப் பிடிச்சுக்கிட்டுப் போய், மைக்ரோஸ்கோப்ல பார்த்தா எட்டுக் கால் பூச்சி. டஸ்ட் மைட். ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்குதான் சைஸ். அதோட அறிவியல் பேரான டெர்மட்டோஃபகாய்டிஸுக்குத் தோல் தின்னின்னு அர்த்தம். நம்ம உடம்புலேர்ந்து உதிர்ற செதில்தான் அதுக்குச் சாப்பாடு. அது கடிக்காது. 1981ல டோவி, சாப்மன், பிளாட்ஸ்-மில்ஸ் மூணு பேரும் காட்டினது இன்னும் ஒரு படி மேல: நம்மளைத் தும்ம வைக்கிறதுல பெரும்பங்கு பூச்சியோட கழிவுல இருக்கிற புரதத்துக்குத்தான். பூச்சி செத்தாலும் அது மெத்தையிலயேதான் கிடக்கும்.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இப்போதான் வருது. இந்தப் பூச்சி தண்ணி குடிக்காது. காத்துல இருக்கிற ஈரத்தை உடம்பால உறிஞ்சிக்கும். காத்தோட ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ தொடர்ந்து இருந்தா காஞ்சு செத்துடும். 70, 80ன்னா அதுக்குக் கொண்டாட்டம். நவம்பர்ல அக்கா பெட்ரூம்ல ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வெச்சுப் பார்த்தேன், 80க்குக் கீழ இறங்கவே இல்ல. வெளிய வறட்சி, உள்ள கோரைப்பாய், கயித்துக் கட்டில்னு இருந்த ஊர்லேர்ந்து, கடலோர ஈரக் காத்துக்கும் வெயிலே படாத பத்து இஞ்ச் மெத்தைக்கும் வந்துட்டா. புழுதி குறைஞ்சுது, பூச்சிக்கு வீடு கிடைச்சுது. இதுல அவ துடைப்பத்து மேல என்ன தப்பு?

எங்க ஆயா பாயை உதறி வெயில்ல போடுவாங்க, இலவம்பஞ்சுத் தலையணையையும் மொட்டை மாடியில காய வெப்பாங்க. நேரடி வெயில் கம்பளத்துல இருக்கிற மைட்டைக் கொல்லும்னு 1990கள்ல சிட்னியில சோதிச்சுக் காட்டியிருக்காங்க. உடனே "முன்னோர்கள் ஒண்ணும் முட்டாள்கள் இல்ல" ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. அதே ஆயா விறகடுப்புப் புகையில பாதி ஆயுசு இருமினாங்க.

சரி, கடையில கிடைக்கிறதை வாங்கிப் போட்டா தீருமா? 2003ல இங்கிலாந்துல ஆஸ்துமா இருக்கிற 1,122 பெரியவங்களை வெச்சு, மைட் புகாத மெத்தை உறையை மட்டும் சோதிச்சாங்க. பலன் இல்ல. அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஏழு நகரங்கள்ல 937 குழந்தைங்க வீடுகள்ல வேற மாதிரி பண்ணாங்க. ஒவ்வொரு குழந்தைக்கும் எது ஒத்துக்கலைன்னு டெஸ்ட் பண்ணி, அதுக்குத் தகுந்த மாதிரி உறை, சுத்தம், கரப்பான் ஒழிப்பு, சிகரெட் புகைன்னு எல்லாத்துலயும் ஒரே நேரத்துல கை வெச்சாங்க. மூச்சுத்திணறல் நாட்கள் நிஜமாவே குறைஞ்சுது. ஒரு லைனை மட்டும் மாத்தினா ஃபிக்ஸ் ஆகாத பக் இது.

அக்கா வீட்டுல இப்போ என்ன நடக்குதுன்னா: மழைக்காலத்துல பெட்ரூம்ல துணி காயப்போடுறது நின்னுடுச்சு. அந்த ஈரம் முழுக்க காத்துக்குத்தானே போகும்! பெட்ஷீட், தலையணை உறை வாரம் ஒரு தடவை 60 டிகிரி சுடுதண்ணியில. அந்தச் சூட்டுல பூச்சியும் சாகும், கழிவும் அலசிப் போகும். கார்ப்பெட்டையும் பொம்மை மூட்டையையும் தூக்கியாச்சு. காஞ்ச துடைப்பம் தூசியைக் கிளப்பி விடும்ங்கிறதால ஈரத்துணி, துடைச்ச உடனே ஃபேன். பெருக்குறப்போ பையன் பக்கத்து ரூம்ல இருப்பான். வெயில் அடிக்கிற நாள்ல தலையணையெல்லாம் மாடிக்கு. மெத்தையை நாலாவது மாடியிலேர்ந்து மொட்டை மாடிக்குத் தூக்குறது மாமா வேலை, அது இப்போ எழுதப்படாத சட்டம். பையனோட இன்ஹேலரை டாக்டர் சொன்ன மாதிரியே தொடர்றாங்க, அதை யாரும் தானா நிறுத்தல.

ஹைக்ரோமீட்டர் இன்னும் அந்த ரூம்லதான் இருக்கு. போன ஞாயித்துக்கிழமை 68 காட்டுச்சு.