பிணியின் இருப்பிடம்

நாடி பார்த்து நோய் அறியும் மரபு தமிழ் மருத்துவத்திற்குத் தொன்மையானது. வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றும் நிலை திரியின் நோய் பிறக்கும் என்பது அதன் கொள்கை. மேலைநாட்டாரும் நெடுங்காலம் இதனையொத்த கருத்தே உடையராயிருந்தனர். உடலிலுள்ள நால்வகை நீர்களின் மிகுதியும் குறைவுமே நோய்க்குக் காரணம் என்றனர். நோய்க்கு உடலினுள் தனியோர் இருப்பிடம் உண்டு என்னும் எண்ணம் வலுப்பெற்றது, இறந்தார் உடலைத் திறந்து நோக்கத் துணிந்த பின்னரே. இதயநோய் பற்றிய அறிவும் அவ்வழியே வளர்ந்தது.

1705, 1706ஆம் ஆண்டுகளில் உரோமை நகரில் பலர் திடீரென வீழ்ந்து மாண்டனர். மக்கள் அஞ்சி நடுங்கினர். போப்பாண்டவரின் மருத்துவரான லான்சீசி, அவ்வாறு மாண்டோர் உடல்களை அறுத்து ஆராய்ந்தார். சிலரிடம் இதயம் பெருத்தும் அதன் அடைப்பிதழ்கள் பழுதுற்றும் இருக்கக் கண்டு, 1707இல் அதனை நூலாக்கினார். ஊரார் காரணம் அறியாது கலங்கிய சாவுக்கு உடலே காரணம் உரைத்தது.

பாதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூறு பயிற்றிய மொர்கானி, நோயாளர் வாழ்ந்தபோது உற்ற துன்பத்தையும், இறந்தபின் அவர்தம் உறுப்புகளில் கண்ட மாற்றத்தையும் பொருத்திப் பார்த்தார். ஏறத்தாழ 700 பேரைப் பற்றிய குறிப்புகள் அடங்கிய அவரது பெருநூல், அவர்தம் 79ஆம் அகவையில், 1761இல் வெளிவந்தது. 1816இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் லெனெக், மார்பில் கேட்ட ஒலியைப் பின்னர்ப் பிண அறுவையில் கண்ட குறையோடு ஒப்பிட்டார். மாண்டோரிடம் கற்றது வாழ்வோர்க்குப் பயன்படலாயிற்று.

இவ்வறிவு தமிழுக்கு வந்தது எவ்வாறு? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்க்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். உடலை அறுத்து ஆய்ந்து கிரே எழுதிய உடற்கூற்று நூல் 1858இல் இலண்டனில் வெளிவந்தது. அது 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் தமிழ் வடிவம் பெற்றது. அன்புக்கும் துயருக்கும் உறைவிடமாகப் புலவர் போற்றிய நெஞ்சம், அறைகளும் குழாய்களும் உடைய உறுப்பாகவும் தமிழில் பயிலப்பட்டது.

அறிவியலைத் தாங்கத் தமிழுக்கு வலிமை உண்டோ என்னும் ஐயம் இன்றும் நம்மிடையே எழுவதுண்டு. நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே மானிப்பாய் மாணவர் தமிழில் கற்று மருத்துவராயினர். ஐயத்திற்கு அவர்களே விடை. நோயின் இருப்பிடத்தைத் திறந்து பார்த்தே அறிந்தனர் அறிஞர். மொழியின் ஆற்றலையும் பயின்று பார்த்தே அறிதல் வேண்டும். ஜொகூரில் தமிழ் பயிற்றும் ஆசிரியர்க்கும் பயிலும் மாணவர்க்கும் உரிய கடமை அதுவேயாம்.